படிப்பா, பழக்கமா: எல்லையோரத்து இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள–தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வாளையார், பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதிகளில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில், கல்லூரியில் சேர்வதா, வேலையில் இறங்கித் தானே கற்றுக்கொள்வதா என்ற பேச்சு ஆண்டுதோறும் எழுகிறது. இரண்டில் எது உயர்ந்தது என்று பொதுப்படையாக வாதிடுவதுதான் முதல் தவறு. விரும்பும் வேலைக்குச் சட்டப்படி சான்றிதழ் வேண்டுமா, செய்து காட்டினால் போதுமா என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

ஓர் ஆசானிடம் கையாளாகச் சேர்ந்து வயரிங் பழகியவர், மூன்று ஃபேஸ் போர்டில் எந்த லைனில் பழுது என்பதை மல்டிமீட்டரை வைத்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். ஆனால் புது வீட்டுக்கு மின் இணைப்பு கேட்கும்போது, வயரிங் முடிந்ததற்கான அறிக்கையில் உரிமம் பெற்றவர்தான் கையெழுத்திட வேண்டும். உழைப்பு இவருடையது, கையெழுத்துக்கான பணம் இன்னொருவருக்கு. தமிழ்நாட்டில் ஐந்தாண்டு வயரிங் அனுபவம் உள்ளவர்களுக்கென்றே மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்தப்படுகிறது; அதற்குக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை. இதை விசாரிக்காமலேயே காலத்தை ஓட்டிவிடுபவர்கள் அதிகம்.

ஒரு மாநிலத்துத் தாள் மறு மாநிலத்திலும் அப்படியே செல்லும் என்று நம்புவது எல்லைக்கே உரிய தவறு. மின் உரிமம் வழங்கும் வாரியம் இரு மாநிலங்களுக்கும் தனித்தனி. கோவையில் பட்டம் பெற்றுவிட்டுக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு (பி.எஸ்.சி.) விண்ணப்பிப்பவர், அறிவிப்பில் கேட்ட பட்டத்துக்குத் தம்முடையது இணையானது என்று சான்று காட்ட வேண்டிவரும். தமிழ்நாட்டுப் பக்கத்திலும் சிக்கல் உண்டு: பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் நேரடியாகப் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்தைத் அம்மாநில அரசு தன் பணிகளுக்கு ஏற்பதில்லை. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

வளைகுடாவுக்குப் போகிறவனுக்குப் பத்தாம் வகுப்பு எதற்கு என்பாரும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் வரும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் புறப்படும்போது அந்த அனுமதியைத் தனியே பெற வேண்டும். பள்ளியை விட்டவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பை இப்போதும் எழுதலாம்.

இதற்கு நேரெதிரான தவறு, கணக்கு, மென்பொருள், வடிவமைப்பு போன்ற துறைகளில் சான்றிதழ்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போவது. டேலி என்னும் கணக்கு மென்பொருளுக்கான சான்றிதழ் கையில் இருந்தும், ஒரு கடையின் ஒரு மாத ரசீதுகளைப் பிரித்து ஜி.எஸ்.டி. கணக்கு முடிக்கத் தெரியாதவரை எந்த ஆடிட்டர் அலுவலகமும் நெடுநாள் வைத்துக்கொள்ளாது.

தானே கற்பவர்கள், 2017இல் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தின் பாடங்களை இலவசமாகக் கேட்டுவிட்டுத் தேர்வை விட்டுவிடுகிறார்கள். சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டியிருப்பதால், பாடத்தில் சேரும் நாளிலேயே அதன் கடைசித் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.