லடாக் பாறைச் செதுக்கல்களைப் படிக்கத் தொடங்குவது எப்படி?

டெல்லியிலிருந்து லே போகும் நம் ஊர்க்காரர்கள் பலர் மடாலங்களையும் பாங்காங் ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆல்ச்சி, டோம்கார் பக்கம் சிந்து நதியை ஒட்டிய பாறைகளில் பழங்காலச் செதுக்கல்கள் வெட்டவெளியில் கிடக்கின்றன. சாலைப் பணிகளில் பல உடைபட்டுப் போய்விட்டன. மிஞ்சியதையாவது நிதானமாகப் பார்ப்போம். ஒரே நிபந்தனை: ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

முதல் படி, வெளிச்சம். மங்கிய செதுக்கல் உச்சி வெயிலில் கண்ணுக்குப் பிடிபடாது. வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ போங்கள். கிளம்பும் முன், டெல்லியிலேயே ஈஸ்ட் ஆஃப் கைலாஷ் பக்கம் 1966-இல் கண்டறியப்பட்ட அசோகர் பாறைக் கல்வெட்டைப் போய்ப் பாருங்கள். தேய்ந்த எழுத்தையும் பாறை வெடிப்பையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகும்.

இரண்டாவது, மனிதக் கைதானா என்று பார்ப்பது. அம்மி கொத்தியது போலப் புள்ளிப் புள்ளியாகக் குழிகள் இருந்தால் செதுக்கல். வெடிப்பு என்றால் உருவத்தோடு நிற்காமல் பாறை நெடுக ஓடும்.

மூன்றாவது நிறம். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். லடாக் ஒரு குளிர்ப் பாலைவனம். இத்தகைய வறண்ட நிலத்தில் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் களிமண்ணும் சேர்ந்து பாறைமேல் கருமையான பூச்சாகப் படிகின்றன. கொத்தினால் பூச்சு போய் உள்ளிருக்கும் வெளிர்நிறம் தெரியும். காலப்போக்கில் அதுவும் மெல்லக் கருக்கும். ஆகவே ஒரே பாறையின் ஒரே முகத்தில் கருத்த உருவம் பெரும்பாலும் பழையது, வெளிறியது பிந்தியது. பக்கத்துப் பாறையோடு ஒப்பிடவே கூடாது. கல்லின் வகை, ஈரம், வெயில்படும் திசை எல்லாம் பூச்சின் வேகத்தை மாற்றும். நிறத்தை மட்டும் வைத்து ‘3,000 ஆண்டுப் பழமை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கோடு இன்னொன்றை வெட்டிச் சென்றால், வெட்டியதுதான் பிந்தியது. இது நிறத்தைவிட உறுதியான சான்று.

அப்புறம் உருவங்கள். பின்னோக்கி வளைந்த நீண்ட கொம்பு என்றால் ஐபெக்ஸ் மலையாடு. லடாக்கில் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான். திமிலும் புதர்போன்ற வாலும் யாக்குக்கு அடையாளம். ஸ்தூபி வடிவம் பௌத்தம் வந்த பிறகு செதுக்கியது. திபெத்திய எழுத்து 7-ஆம் நூற்றாண்டில் உருவானது. அதில் பொறித்த எந்த மந்திரமும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. பாங்காங் ஏரிக்குப் போகும் வழியிலுள்ள தாங்ட்சேயில் சோக்டிய (பழைய மத்திய ஆசிய மொழி) எழுத்துகளும் சிலுவைகளும்கூட உள்ளன. மத்திய ஆசியாவிலிருந்து ஆட்கள் அவ்வழியே வந்துபோனதற்கு அவை சாட்சி.

சரி, இப்போது பொருள். நோட்டில் இரண்டு பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கண்ட காட்சி: ‘வில்லேந்திய ஆள், நாய், மூன்று ஐபெக்ஸ்’. வலப்பக்கம் உங்கள் ஊகம்: வேட்டை நினைவா, வழிபாடா? ஒரு தனி ஆட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அருகில் ஆற்றைக் கடக்கும் இடமோ பழைய பாதையோ இருக்கிறதா என்றும் குறியுங்கள்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். கோடு தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸால் தீட்டுவதோ தண்ணீர் தெளிப்பதோ வேண்டவே வேண்டாம்.