பழைய ரத்தப் பரிசோதனைத் தாளிலிருந்தே ஈரல் தழும்பைக் கணக்கிடலாம்

மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். அப்படியிருந்தும் எங்கள் வீட்டிலேயே கோட்டை விட்டேன். பெரியப்பா மாஸ்டர் செக்கப் எடுத்த தாள்களை மஞ்சப்பையில் சுருட்டி பீரோ மேல் போட்டிருந்தார். ஸ்கேன் தாளில் ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’, அதாவது ஈரலில் லேசாகக் கொழுப்பு, என்று ஒரு வரி இருந்தது. எடுத்த இடத்தில் “இது எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மூன்று வருடம் கழித்துத்தான் அந்தப் பையைப் பிரித்தேன். உள்ளே இருந்த எண்களை வைத்து ஐந்து நிமிடம் கணக்குப் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

முதலில், தழும்பு என்றால் என்ன? கல்லீரலுக்குள் வைட்டமின் ஏ-வைச் சேமித்து வைக்கிற ஒரு வகைச் செல்கள் உண்டு. ஈரல் திரும்பத் திரும்ப அடிபட்டால் அவை குணம் மாறி, கொலாஜன் என்ற நாரை உற்பத்தி செய்யத் தொடங்கும். அந்த நார் சேரச் சேர ஈரல் இறுகும். இதுதான் ஃபைப்ரோசிஸ். நார் இல்லாத நிலை எஃப்0. சிரோசிஸ் என்கிற முழுச் சுருக்கம் எஃப்4. பெரும்பாலும் இதற்கு வலி கிடையாது. காமாலை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

படி 1: அடி எங்கிருந்து விழுகிறது?

“குடிக்காத மனுஷனுக்கு ஈரல் எப்படிக் கெடும்?” என்றுதான் பெரியம்மா கேட்டார். பெரியப்பா ஒரு நாளும் குடித்ததில்லை. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை, தொப்பை, கடை அடைத்த பிறகு இரவு பத்தரைக்குப் புரோட்டா. சர்க்கரையும் தொப்பையும் சேர்ந்தாலே போதும், குடி தேவையில்லை. மற்ற காரணங்கள்: மது, ஹெபடைடிஸ் பி மற்றும் சி வைரஸ், உடலே ஈரலைத் தாக்கும் நோய், மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நீண்ட நாள் எடுப்பது, இளவயதினருக்கு வில்சன் நோய் (உடலில் செம்பு சேரும் பரம்பரை நோய்).

படி 2: ஃபிப்-4 கணக்கு

முற்றிய தழும்பு இருக்குமா என்று ஊகிக்கிற கணக்கு இது. நான்கு எண்கள் வேண்டும்: வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (ஈரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் இரண்டு நொதிகள்; சில தாள்களில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்று இருக்கும்), பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு). முதல் மூன்றும் ஈரல் பரிசோதனைத் தாளிலேயே கிடைத்துவிடும். பிளேட்லெட் மட்டும் ரத்த அணுக்கள் தாளில் தனியாக இருக்கும். அதனால்தான் பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை. 1,60,000 என்று இருந்தால் 160 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவின் தாளையே பார்ப்போம். வயது 52, எஸ்ஜிஓடி 58, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 160.

வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள்: 52 × 58 = 3016.
எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் எடுங்கள்: 64-க்கு 8.
அதைப் பிளேட்லெட்டால் பெருக்குங்கள்: 160 × 8 = 1280.
மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுங்கள்: 3016 ÷ 1280 = 2.36.

1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. 2.67-க்கு மேல் என்றால் தாமதிக்காமல் ஈரல் மருத்துவரைப் பாருங்கள். பெரியப்பா மாதிரி நடுவில் மாட்டினால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வந்தவர்களுக்குப் பிளேட்லெட் சரியும், எஸ்ஜிஓடி ஏறும். அந்தத் தாளில் கணக்குப் போட்டால் நல்ல ஈரலும் கெட்டதாகத் தெரியும். காய்ச்சல் விட்டு, எண்கள் பழைய நிலைக்கு வந்த பிறகு எடுத்த தாளைப் பயன்படுத்துங்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்பவும் முடியாது.

படி 3: ஃபைப்ரோஸ்கேன்

ஊசி, கத்தி எதுவும் இல்லை. மூன்று மணி நேரம் வெறும் வயிறு. மல்லாக்கப் படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்வார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்துத் தட்டுவார்கள். விரலால் சுண்டுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பத்து முறை அளந்து, ஈரலின் இறுக்கத்தைக் கிலோபாஸ்கலில் தருவார்கள். கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு 8-க்குக் கீழே என்றால் கவலை குறைவு. 12-க்கு மேல் என்றால் முற்றிய தழும்பாக இருக்கலாம். பெரியப்பாவுக்கு 10.2. இன்னும் சந்தேகம் இருந்தால்தான் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

படி 4: சிகிச்சை

அடியை நிறுத்தினால் தழும்பு இளகும். குடிப்பவர் முழுவதுமாக நிறுத்த வேண்டும். ஹெபடைடிஸ் சி என்றால் பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே 100-ல் 95 பேருக்கு மேல் குணமாகிறது. பி-க்கு டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் வைரஸை அடக்கி வைக்கும். வீட்டில் உள்ளவர்களும் பரிசோதனை செய்து தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவை இலவசம். பெரியாஸ்பத்திரியில் விசாரியுங்கள்.

கொழுப்பு ஈரலுக்கு எடைதான் மருந்து. 84 கிலோ உள்ளவருக்கு 4 கிலோ குறைந்தாலே கொழுப்பு இறங்கும். தழும்பு இளக 8 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். பெரியப்பா தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை நான்கு சுற்று நடக்கிறார். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல். புரோட்டா மாதம் ஒரு முறை. ஜிகர்தண்டாவை அவராகவே விட்டுவிட்டார். 14 மாதத்தில் 76 கிலோ, ஃபைப்ரோஸ்கேனில் 7.6. அமெரிக்காவில் கொழுப்பு ஈரலால் வந்த எஃப்2, எஃப்3 தழும்பு நிலைகளுக்கு 2024-ல் ரெஸ்மெடிரோம் என்ற மருந்தும் 2025-ல் செமாகுளூடைடு என்ற மருந்தும் அனுமதி பெற்றன. அவற்றை மருத்துவர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

கீழாநெல்லி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அது தழும்பைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கொரோனா காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களை நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். பெயர் தெரியாத பொடியை வாங்கிக் குடிக்காதீர்கள், தயவுசெய்து.

எஃப்4 என்று வந்துவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் அவசியம். ஈரல் புற்றுநோயைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க அதுதான் வழி. வயிறு உப்பினாலோ, கால் வீங்கினாலோ, பேச்சு குழம்பினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்த வாந்தி என்றாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.