டி டிரைவ் இருந்தும் படங்கள் பறிபோவது ஏன்?

விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது சி டிரைவை ஃபார்மட் செய்தால் அதில் உள்ளவை எல்லாம் போய்விடும். அதனால்தான் அதே டிஸ்க்கைப் பிரித்து, சொந்தக் கோப்புகளுக்குத் தனியாக டி டிரைவ். ஆனால் பிரித்தால் மட்டும் போதாது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் வழக்கமாக சி-யிலேயே இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்!

டி இல்லையா? விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மெண்ட் என்ற கருவியில் சி-யைச் சுருக்கி, கிடைக்கும் காலியிடத்தில் டி-யை உருவாக்குங்கள். சி-க்கு 100 ஜிபியாவது விடுங்கள். அப்புறம் டாக்குமெண்ட்ஸ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். டி-க்குள் புதிய ஃபோல்டர் ஒன்றைக் காட்டுங்கள். வெறும் டி-யைக் காட்டிவிட்டால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. மற்ற இரண்டுக்கும் இதே வழிதான்.

டிஸ்க்கே பழுதானால் சி, டி இரண்டும் சேர்ந்தே போகும். குடும்பப் படங்களுக்கு வேறொரு டிஸ்க்கிலும் நகல் கட்டாயம் வேண்டும்.