பழைய கிணற்றின் மேல் நின்ற சுவர்

தொண்டியில் அண்ணன் வீட்டுப் பின்சுவர் சரிவாக வெடித்திருந்தது. பூசினால் போதும் என்றார் கொத்தனார். எனக்கு மனசு கேட்கவில்லை. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்தில் ஓவர்மேனாக, அதாவது மேற்பார்வையாளராக இருந்தவன் நான். கீழடுக்கில் முன்பே கரி எடுத்த இடத்துக்கு மேல் வெட்டும்போது, எடுத்த வெற்றிடமும் விட்டுவைத்த கரித் தூணும் சேரும் விளிம்புக்கு நேர் மேலேதான் சுரங்கக் கூரை உடையும். ஒரு பக்கம் தாழும், மறுபக்கம் நிற்கும். அதனால் பழைய வரைபடத்தைப் புதியதோடு பொருத்திப் பார்த்து, அந்த விளிம்பை நேர்குறுக்காகக் கடப்போம், கூரையைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டை நெருக்கி அடிப்போம்.

இங்கேயும் விளிம்புதான். அப்பத்தா காலத்துக் கிணற்றை மணலால் தூர்த்து, அதன் மேல் சுவரை எழுப்பியிருந்தார்கள். மணல் இறங்க, உறை அசையவில்லை. உறையின் மேல்பகுதியை உடைத்தெடுத்து, ஜல்லியும் கிராவலும் கொட்டித் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினோம். அப்புறம் கிணற்றைத் தாண்டி இருபுறமும் கெட்டித் தரையில் உட்காரும்படி கான்கிரீட் பீம். உப்புக்காற்று ஊர், கம்பியை மூடும் கான்கிரீட் கனத்தை (கவர்) கூடுதலாகக் கொடுங்கள்.