எலக்ட்ரான் கற்றையை விலக்கும் காந்தப்புலத்தை நீக்கச் சுருள் அமைக்கும் முறை

பூமியின் காந்தப்புலம் இடத்துக்கேற்ப ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான் இருக்கும். ஆயினும் 100 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் கற்றை, தனக்குச் செங்குத்தான 50 மைக்ரோடெஸ்லா புலத்தில் 20 செ.மீ. செல்வதற்குள் சுமார் 3 செ.மீ. விலகிவிடும். இதைத் தடுக்க, கருவியைச் சுற்றி மூன்று அச்சுகளிலும் இரட்டைச் சுருள்கள் அமைத்து எதிர்ப்புலம் உண்டாக்க வேண்டும்.

1. அளத்தல்

கம்பி வாங்கும் முன்பே, மூன்று அச்சுகளையும் காட்டும் ஃப்ளக்ஸ்கேட் காந்தமானியால் (சிறிய காந்தப்புலத்தையும் அளக்கும் கருவி) கற்றை செல்லும் பாதை நெடுகப் பல புள்ளிகளில் புலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அளவு புள்ளிக்குப் புள்ளி வெகுவாக மாறினால் அருகில் இரும்போ, வெற்றிடம் உண்டாக்கும் அயனி பம்பின் காந்தமோ இருக்கக்கூடும். முதலில் அதை அகற்றுவதே நல்லது, ஏனெனில் இச்சுருள்கள் சீரான புலத்தை மட்டுமே நீக்கும்.

2. அளவும் சுற்றுகளும்

கம்பி சுற்றுவதற்கான சட்டம் செய்ய எளிதென்பதால் சதுரச் சுருளையே பரிந்துரைக்கிறேன். அதன் பக்கம், சீரான புலம் வேண்டிய பகுதியைப்போல் நான்கைந்து மடங்கு இருக்கட்டும். இரு சுருள்களுக்கும் இடையிலுள்ள தொலைவு பக்கத்தின் 0.5445 மடங்காக இருக்க வேண்டும். அப்போது நடுவில் கிடைக்கும் புலம், மைக்ரோடெஸ்லாவில், 1.63 × ஒரு சுருளின் சுற்றுகள் × ஆம்பியர் ÷ பக்கம் (மீட்டரில்) ஆகும்.

பக்கம் 1 மீட்டர், நீக்க வேண்டியது 50 மைக்ரோடெஸ்லா என்றால், சுற்றுகளையும் ஆம்பியரையும் பெருக்கிய தொகை ஏறத்தாழ 31 வேண்டும். சுருளுக்கு 30 சுற்றுகள் சுற்றினால் 1 ஆம்பியரைச் சற்றே மிஞ்சும் மின்னோட்டம் போதும். 1 மி.மீ. விட்டமுள்ள எனாமல் செப்புக் கம்பி இரு சுருள்களுக்குமாக 240 மீட்டர் தேவை. அதன் மின்தடை சுமார் 5 ஓம், வெப்பமாகும் திறன் 5 வாட்டுக்குச் சற்று மேல்.

3. கட்டமைத்தல்

சட்டத்துக்கு மரமோ அலுமினியமோ ஏற்றது. எஃகுத் திருகுகளைத் தவிர்த்துப் பித்தளைத் திருகுகளைப் பயன்படுத்துங்கள். இரு சுருள்களிலும் மின்னோட்டம் ஒரே திசையில் சுற்றும்படி தொடராக இணையுங்கள். திசை எதிரெதிரானால் நடுவில் புலம் சுழியாகி, அங்கிருந்து விலகும்தோறும் புலம் மாறிக்கொண்டே செல்லும். மின்வழங்கியிலிருந்து வரும் இரு கம்பிகளையும் முறுக்கிக் கொண்டுவந்தால் அவற்றின் புலம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

4. சரிசெய்தல்

செப்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் சுமார் 0.4 விழுக்காடு உயர்வதால், மின்னழுத்தத்தை அன்றி மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் மின்வழங்கி ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனியே வேண்டும். கற்றை செல்லும் வெற்றிடக் கலத்தை மூடும் முன் காந்தமானியின் உணரியைக் கற்றையின் பாதையில் வைத்து, அச்சு அச்சாகப் புலத்தைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். சுருள்கள் துல்லியமான செங்குத்தில் அமையாததால் ஓர் அச்சைத் திருத்துகையில் மற்றொன்று சிறிது மாறும், ஆகவே மூன்றையும் இரண்டு மூன்று முறை மீண்டும் திருத்த வேண்டியிருக்கும். மின்கம்பிகளிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் புலம் இம்முறையில் நீங்காது. அதற்கு உணரியின் அளவைத் தொடர்ந்து பின்பற்றிச் சுருளின் மின்னோட்டத்தை உடனுக்குடன் மாற்றும் பின்னூட்டச் சுற்று தேவை.