புளிக்குதேன்னு கீழ ஊத்தாதீங்க: பழவாசனை காபியை ருசி பாக்குறது எப்படி

காபிக் கொட்டையை வறுத்து விக்கிற சின்ன ரோஸ்டர்கிட்ட ஆசையா லைட் ரோஸ்ட் காபி, அதாவது லேசா வறுத்தது, வாங்கிட்டு வந்து, முதல் வாய்லயே "என்ன இப்படி புளிக்குது"ன்னு பாலையும் சர்க்கரையையும் கொட்டிடுறவங்க நிறைய பேர். அந்தப் புளிப்புக்குத்தான் நீங்க காசே குடுத்திருக்கீங்க! அது பழத்தோட புளிப்பா, இல்ல காபி போட்ட விதத்துல வந்த கோளாறான்னு பிரிச்சுப் பாக்க நாக்கு பழகிட்டா போதும். உதாரணத்துக்கு எத்தியோப்பியாவோட யிர்காசெஃபே நேச்சுரல் (முழுப் பழமாவே காய வச்ச வகை) எடுத்துக்கிறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கும் பழவாசனை இதுல டக்குன்னு பிடிபடும்.

முதல்ல பாக்கெட்டைப் படிங்க

யிர்காசெஃபே இருக்கிறது தெற்கு எத்தியோப்பியால, கெடியோ மண்டலத்துல. கிட்டத்தட்ட 1,700ல இருந்து 2,200 மீட்டர் உயரம், அந்தக் குளிர்ல பழம் மெதுவா பழுக்கும், புளிப்பும் இனிப்பும் கொட்டையில நல்லா சேரும். வீட்டை ஒட்டின சின்னத் தோட்டங்கள்லதான் பெரும்பாலும் காபி வளக்குறாங்க, பாக்க வாழை மாதிரியே இருக்கிற என்செட்டுக்கும் பெரிய நிழல் மரங்களுக்கும் நடுவுல செடி நிக்கும், அந்த கெடியோ நிலப்பரப்பை 2023ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயே சேத்துட்டாங்க. சுத்துவட்டார விவசாயிங்க பழத்தை எல்லாம் பக்கத்து வாஷிங் ஸ்டேஷன்ல, அதாவது பழத்தைப் பதப்படுத்திக் காய வைக்கிற இடத்துல, கொண்டு போய் குடுப்பாங்க. அதனாலதான் பாக்கெட்டுல ஒரு விவசாயி பேருக்குப் பதிலா கொச்செரே, அரிச்சான்னு ஊர் பேரோ ஸ்டேஷன் பேரோ இருக்கும்.

அடுத்து பிராசஸ் பாருங்க, அதாவது பறிச்ச பழத்தைக் கொட்டையா ஆக்கிக் காய வச்ச விதம், ருசியை ரொம்ப மாத்துறது இதுதான். வாஷ்டுன்னா தோலையும் வழவழப்பையும் எடுத்து, கழுவிக் காய வச்சது. எலுமிச்சை, மல்லிப்பூ, பிளாக் டீ பக்கம் போகும். நேச்சுரல்னா முழுப் பழத்தையும் உயரமான வலைக் கட்டில்ல பரப்பி, கையால கிளறிக் கிளறி வாரக்கணக்கா காய வச்சது. புளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி வாசனை எல்லாம் இங்கதான் வருது. ரோஸ்ட் தேதியில இருந்து ஒரு வாரம் பத்து நாள் விட்டுட்டுப் பிரிங்க, ரொம்பப் புதுசா இருந்தா உள்ள இருக்கிற கரியமில வாயு ருசியை மறைச்சுடும்.

காபி போடுறது

வி60, ஏரோபிரஸ் மாதிரி காபி போடுற கருவி எதுவும் வேண்டாம். ரோஸ்டருங்களே ருசி பாக்க கப்பிங்னு ஒண்ணு பண்ணுவாங்க, அதுக்கு ஒரு கண்ணாடி டம்ளர், ரெண்டு ஸ்பூன், சின்ன டிஜிட்டல் தராசு போதும். போர் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. உப்புத் தண்ணியில இருக்கிற பைகார்பனேட் காபியோட அமிலத்தை அப்படியே அமுக்கிடும், அப்புறம் எவ்வளவு நல்ல கொட்டையா இருந்தாலும் சப்புன்னுதான் இருக்கும். கேன் தண்ணி பரவால்ல.

11 கிராம் கொட்டையை உப்புமா ரவை பதத்துக்கு அரைச்சு டம்ளர்ல போட்டு, தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லா மோந்து பாருங்க. தண்ணி கொதிச்சதும் அரை நிமிஷம் விட்டுட்டு, அதாவது 93 டிகிரி பக்கத்துல, 200 மில்லி ஊத்துங்க. கலக்க வேண்டாம். மேல தூள் ஒரு அடுக்கா மிதக்கும். 4 நிமிஷம் ஆனதும் மூக்கை டம்ளர் கிட்ட கொண்டு போய், ஸ்பூனோட முதுகுப் பக்கத்தால அந்த அடுக்கை மூணு தடவை தள்ளி விடுங்க. உள்ள அடைஞ்சிருந்த வாசனை மொத்தமும் அந்த நொடிதான் வெளிய வரும், இதைத் தவற விட்டுடாதீங்க. அப்புறம் நுரையை எடுத்துப் போட்டுட்டு காத்திருங்க.

குடிக்கிறது

10 நிமிஷம் தாண்டினதும் ஒரு ஸ்பூன் எடுத்து "சர்ர்"ருன்னு சத்தமா உறிஞ்சுங்க. காத்தோட சேந்து போனாதான் வாசனை தொண்டை வழியா மூக்குக்கு ஏறும். நம்பிக்கை இல்லன்னா மூக்கைப் பொத்திட்டு ஒரு வாய் குடிங்க, வெறும் புளிப்பும் கசப்பும் மட்டும்தான் தெரியும். விழுங்கிட்டு கையை எடுங்க, மூச்சு விடும்போது பழம் வந்து நிக்கும்.

சூடா இருக்கும்போது அவசரப்பட்டு தீர்ப்பு சொல்லிடாதீங்க. நம்ம ஃபில்டர் காபி ஆவி பறக்கக் குடிச்சாதான் சுகம், இது நேர் எதிர். சூட்டுல வறுவல் வாசனைதான் முன்னாடி நிக்கும், வெதுவெதுப்பா ஆக ஆக இனிப்பும் பழமும் மேல வரும், முழுசா ஆறினதும் நல்ல காபி ஜூஸ் மாதிரி இருக்கும், மோசமானது அப்பத்தான் மாட்டும். அதனால சூடா ஒண்ணு, வெதுவெதுப்பா ஒண்ணு, ஆறினதும் ஒண்ணுன்னு ஒவ்வொரு தடவையும் ரெண்டு வார்த்தை எழுதி வைங்க.

பக்கத்துல ஒரு துண்டு எலுமிச்சை, ஒரு துண்டு பச்சை ஆப்பிள், நாலு கருப்புத் திராட்சை வச்சுக்கோங்க, ஒவ்வொண்ணும் நாக்குல எங்க எப்படி புளிக்குதுன்னு பாத்துட்டு திரும்ப காபிக்கு வாங்க, புளிப்புலயே இத்தனை வகை இருக்கான்னு இருக்கும். பாக்கெட்டுல புளூபெர்ரின்னு போட்டிருந்தா அதையே தேடணும்னு இல்ல, உங்களுக்கு நாவப்பழம் தெரிஞ்சா நாவப்பழம்னே எழுதுங்க.

இப்ப முக்கியமான விஷயம். நல்ல புளிப்பு கூடவே இனிப்பைக் கூட்டிட்டு வரும், வாய் ஊறும், விழுங்கின பிறகும் ருசி கொஞ்ச நேரம் நிக்கும். கோளாறான புளிப்பு சுள்ளுன்னு குத்தும், லேசா உப்புக் கரிக்கும், தண்ணியா இருக்கும், சட்டுன்னு காணாம போயிடும். அப்படின்னா காபி சரியா இறங்கலன்னு அர்த்தம், அடுத்த தடவை தூளை இன்னும் கொஞ்சம் நைசா அரைச்சு, தண்ணியை இன்னும் சூடா ஊத்துங்க. பச்சைப் பட்டாணி, புல் வாசனை அடிச்சா அது வறுவல்ல வந்த குறை, நீங்க என்ன பண்ணாலும் போகாது, ரோஸ்டர்கிட்டயே சொல்லிடுங்க. நல்ல ரோஸ்டர் கோவிச்சுக்க மாட்டாங்க.

அடுத்த தடவை வாங்கும்போது அதே ஊர் காபியில வாஷ்டு ஒரு சின்ன பாக்கெட்டும் சேத்து வாங்கி, ரெண்டு டம்ளரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. பிராசஸ்னா என்னன்னு அப்ப நாக்குக்கே புரிஞ்சுடும். மிச்சக் கொட்டையை அரைக்காம, காத்து புகாத டப்பால போட்டு வெயில் படாத இடத்துல வைங்க, ஃபிரிட்ஜ்ல வேண்டாம், குழம்பு வாசனையெல்லாம் ஏறிடும்.