குழந்தை உடை ஏற்றுமதி: நாடாவிலிருந்து தொடங்குங்கள்

குழந்தை உடை ஏற்றுமதியில் புதிதாக இறங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விலையை. நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்வி: எந்த நாட்டுக்கு, எவ்வளவு உயரமுள்ள குழந்தைக்கு? இவை முடிவாகாமல் துணிக்கு ஆர்டர் போடாதீர்கள்.

வயதை விட உயரம்தான் இந்தத் தொழிலின் கணக்கு. ஐரோப்பிய சைஸ்கள் 56, 62, 68 என்று 6 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏறும். சுங்கமும் உயரத்தைத்தான் பார்க்கிறது. 86 செ.மீ. வரை உள்ள குழந்தையின் உடை, பின்னலாடை என்றால் சுங்க வகைப்பாட்டு எண் 6111, நெய்த துணி என்றால் 6209. அதே டிசைனில் 92 சைஸ் பின்னல் டி-ஷர்ட் 6109க்குப் போய்விடும். 80, 86, 92 மூன்றும் ஒரே ஆர்டரில் இருந்தால் இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்டிலும் பிரித்தே எழுதுங்கள்.

சரி, இப்போது நாடா. நான் அடிபட்ட இடம் இது. ஹூட் வைத்த ஸ்வெட்ஷர்ட், 4 வயது சைஸ். சாம்பிளில் நாடா இருந்தது, பையர் ஒன்றும் சொல்லவில்லை, அப்படியே தைத்து பேக்கிங்கும் முடித்தோம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் ஒரு பெட்டியைத் திறந்தார், ஹூட் நாடாவை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பார்த்தார், கையெழுத்துப் போடாமல் கிளம்பிவிட்டார். அத்தனை பெட்டியையும் பிரித்து நாடாவை உருவி மறுபடி மடித்து முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது.

அன்று கோபம் வந்தது. அப்புறம்தான் காரணம் தெரிந்தது. விளையாட்டுத் திடல் சறுக்கில் ஹூட் நாடா மாட்டிக் கழுத்து இறுகிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இடுப்பு நாடா பஸ் கதவில் சிக்கி இழுபட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு சாம்பிள் மேசைக்கு எது வந்தாலும் என் கை முதலில் கழுத்துப் பக்கம்தான் போகும்.

ஐரோப்பாவுக்கு இ.என். 14682 என்ற தரம். அதன்படி 7 வயதுக்குட்பட்டவர்களின் உடையில் ஹூட்டிலும் கழுத்திலும் இழுநாடாவே கூடாது. அமெரிக்காவில் மேலே போடும் ஜாக்கெட், ஸ்வெட்ஷர்ட் வகைகளில் 2டி (2 வயதுக் குழந்தை சைஸ்) முதல் 12 சைஸ் வரை ஹூட், கழுத்து நாடா கிடையாது. 16 சைஸ் வரை இடுப்பிலோ கீழ் ஓரத்திலோ நாடா இருந்தால், உடையை முழுதாக விரித்த நிலையில் வெளியே 75 மில்லிமீட்டருக்கு மேல் தொங்கக்கூடாது, நுனியில் முடிச்சும் கூடாது, நடுவில் உடையோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு எலாஸ்டிக் போதும். பையரே நாடா கேட்டாலும், ஏன் கூடாது என்று மெயிலில் எழுதி பதிலை வாங்கி வையுங்கள்.

அடுத்தது பிரஸ் பட்டன். மெல்லிய ஜெர்சித் துணியில் நேராக அடித்தால் நாலு முறை கழற்றுவதற்குள் துணி கிழிந்து பட்டன் கையோடு வரும். அது நேரே குழந்தையின் வாய்க்குள் போகும். உள்ளே கேன்வாஸோ இன்னொரு அடுக்குத் துணியோ வைத்து அடியுங்கள்.

அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 வயது வரையிலான உடைக்கு, அங்கே ஏற்கப்பட்ட ஆய்வகத்தின் சோதனையும் அதை வைத்து இறக்குமதியாளர் தரும் சான்றிதழும் வேண்டும். பிரிண்ட் மேற்பூச்சில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு), பட்டன், ஜிப் போன்றவற்றில் 100 பி.பி.எம். தாண்டக்கூடாது. எங்கே, எப்போது தைத்தது என்று கண்டுபிடிக்க உதவும் லேபிளும் உடையிலேயே இருக்க வேண்டும். இரவு உடைக்குத் தீப்பிடிப்பு விதி தனி. 9 மாதத்துக்கு மேற்பட்ட சைஸ் என்றால், தீயை எதிர்க்கும் துணி அல்லது உடலோடு ஒட்டிய, அளவு வரையறுத்த வெட்டு. லூசான காட்டன் பைஜாமாவுக்கு அங்கே இடமில்லை.

பணம் எல்.சி. (பையரின் வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) மூலம் வருவதாக இருந்தால், அதில் வேறு தேதி குறிக்காவிட்டால் ஷிப்மென்ட் ஆன 21 நாளுக்குள் ஆவணங்கள் வங்கியில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஊசி. மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, டேப் போட்டு ரெஜிஸ்டரில் ஒட்டச் சொல்லுங்கள். நுனி கிடைக்கவில்லையா, அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ் அத்தனையும் மெட்டல் டிடெக்டரில் போய் வரும் வரை பேக்கிங்குக்கு அனுப்பாதீர்கள்.